கொழுப்புக் கூண்டில் மைனாவா, காகமா, குரங்கா? அறிகுறி பார்த்து சரிசெய்வது

எங்கள் வீடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பக்கம். கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, தானாக முளைத்துப் பரவிய கறிவேப்பிலைப் புதர். குளிர்காலத்தில் வெள்ளைக்கண்ணி என்ற சின்னப் பறவைகளுக்காக அங்கே ஒரு கம்பிக் கூண்டில் கொழுப்புக் கட்டி தொங்கவிடுவேன். கடையில் கேட்டால் சூயட் என்று கேட்க வேண்டும். ஆடு மாடுகளின் சிறுநீரகத்தைச் சுற்றிக் கெட்டியாகப் படிந்திருக்கும் வெள்ளைக் கொழுப்பு அது. பூச்சி குறைகிற மாதங்களில், பூச்சியைத் தேடித் தின்னும் சின்னப் பறவைகளுக்கு நல்ல தெம்பு.

கடையில் வரும் கட்டிகள் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பு. நம் வீடுகளில் பலருக்கு அதை வீட்டுக்குள் கொண்டுவரவே மனம் வராது. கறிக்கடையில் ஆட்டுக் கொழுப்பு கேளுங்கள், கொடுப்பார்கள். பறவைகளுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. உருக்குவதற்கு மட்டும் தனியாக ஒரு பழைய சட்டி வைத்துக்கொள்ளுங்கள். நான் முதல் முறை அம்மாவின் சாம்பார்ச் சட்டியை எடுத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சரி, சிக்கலுக்கு வருவோம். வெள்ளைக்கண்ணிக்குப் போட்ட இலையில் வேறு யாரோ வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அது யார் என்று தெரியாமல் எந்தக் கருவியும் வாங்காதீர்கள். மைனாவைத் தடுக்கும் ஏற்பாடு காகத்துக்கு விளையாட்டுச் சாமான். காகத்தைத் தடுப்பது குரங்குக்கு ஒரு பொருட்டே இல்லை. நான் இரண்டு மாதம் மைனாவைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாதி வேலையைச் செய்தது காகம். ஒரு காலைப் பொழுது டீயை எடுத்துக்கொண்டு சன்னலுக்குப் பின்னால் உட்காருங்கள். அப்புறம் கீழே உள்ளதில் உங்கள் வீட்டு அறிகுறி எது என்று பாருங்கள்.

கட்டி ஒரு மணி நேரத்தில் பாதி. கூண்டின் மேலும் கீழும் ஒரே கூச்சல்

இது மைனா. மஞ்சள் அலகு, கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல், பறக்கும்போது இறக்கையில் வெள்ளைப் பட்டை. ஒன்று மேலே கொத்தும், இரண்டு கீழே நின்று உதிர்வதைப் பொறுக்கும், இன்னொன்று பக்கத்தில் வருகிற கொண்டைக்குருவியைத் துரத்தும்.

நாகணவாய் என்று பழைய தமிழ் சொல்லும் அதே பறவைதான். நம் முன்னோர் 1860இல் கப்பலில் வந்தார்கள். மைனா 1902 வாக்கில் இதே டர்பனில் கூண்டிலிருந்து தப்பி ஊருக்குள் பரவியது என்பார்கள். உலகில் மிக மோசமாகப் பரவிய 100 அயல் உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு, அதில் இதன் பெயர் இருக்கிறது. சொந்த ஊர்க்காரன் என்று பார்த்தால், இங்குள்ள பறவைகளுக்கு வீடும் இல்லை, சோறும் இல்லை.

மைனாவை எதிர்கொள்ள அதன் உடம்பைப் புரிந்துகொள்ள வேண்டும். அது தரையில் நடந்து மேய்கிற பறவை. நின்று தின்னப் பிடிக்கும். தலைகீழாகத் தொங்கித் தின்பது அதற்குப் பழக்கமில்லை. இறக்கையை அடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தொங்கும், பிறகு விட்டுவிடும். எடை 100 கிராமை ஒட்டி இருக்கும். வெள்ளைக்கண்ணி 11, 12 கிராம்தான். இந்த இரண்டு வித்தியாசமும் நமக்கு இரண்டு வழி கொடுக்கின்றன.

முதல் வழி, தலைகீழ்க் கூண்டு. ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் சதுரப் பலகை ஒன்றை எடுத்து, அதன் அடியில் கூண்டைப் பொருத்துங்கள். நாலு பக்கமும் மரத்துண்டால் அடைத்துவிட்டு, அடிப்பக்கம் மட்டும் கம்பியாக விடுங்கள். தின்ன வேண்டுமானால் கீழிருந்து தொங்கித்தான் தின்ன வேண்டும். வெள்ளைக்கண்ணிக்கு இது தினசரி வேலை, இலைக்கு அடியில் பூச்சி தேடுவதே அப்படித்தான். தூக்கணாங்குருவிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், கூடு கட்டுவதே தொங்கிக்கொண்டு. ஆனால் முதல் நாளே நாலு பக்கத்தையும் அடைத்தால் அவையும் குழம்பும். ஒரு வாரம் ஒரு பக்கத்தைத் திறந்து வையுங்கள், பிறகு அடையுங்கள்.

இதில் ஒரு நஷ்டம் உண்டு. நாம் டாப்பி என்று கூப்பிடும் கொண்டைக்குருவிக்கும் தலைகீழாகத் தொங்க வராது. ராபினுக்கும் வராது. மைனாவோடு சேர்த்து அவையும் வெளியே நின்றுவிடும். இதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. கறிவேப்பிலைப் புதரை வெட்டாமல் பழுக்க விட்டிருக்கிறேன். கறுப்புப் பழம் வந்தால் டாப்பிகள் தாமாகவே வந்து தின்கின்றன, அவற்றுக்கு என் கொழுப்பு அவசியமில்லை.

இரண்டாம் வழி, கூண்டுக்கு வெளியே ஒரு பெரிய கூண்டு. வெள்ளைக்கண்ணி நுழையும், மைனா நுழையாது, அவ்வளவு அகலத்துக்குக் கண்ணி வேண்டும். 38 மில்லிமீட்டர் சரியான அளவு. 50 மில்லிமீட்டர் சதுரக் கண்ணி போட்டால் மைனா தலையையும் தோளையும் நுழைத்துவிடும், நான் பார்த்திருக்கிறேன். ஹார்டுவேர் கடையில் எனக்கு 50தான் கிடைத்தது. ஒவ்வொரு கண்ணிக்கும் நடுவே ஒரு கம்பியை இழுத்துக் கட்டி 25க்கு 50 ஆக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது, விரலும் கிழிந்தது, ஆனால் மூன்று வருடமாக நிற்கிறது.

கண்ணி மட்டும் சரியாக இருந்தால் போதாது. வெளிக் கம்பிக்கும் கொழுப்புக்கும் நடுவே எல்லாப் பக்கமும், அடியிலும் கூட, குறைந்தது 10 சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மைனா வெளியே நின்றபடியே அலகை நீட்டி எடுத்துக்கொள்ளும். கடையில் வாங்கும் காவல் கூண்டுகளில் பல இந்த ஒரு விஷயத்தில்தான் தோற்கின்றன. வாங்குவதற்கு முன் ஒரு அளவுகோலை உள்ளே விட்டுப் பாருங்கள்.

இரண்டையும் செய்தாயிற்று, இன்னும் மைனா கொல்லையை விட்டுப் போகவில்லை

கூண்டைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். மைனா வருவதற்குக் காரணம் பெரும்பாலும் கொழுப்பே அல்ல. என் வீட்டில் காரணம் நாயின் தட்டு. காலையில் நாய் பாதி தின்றுவிட்டு வெயிலில் படுத்துக்கொள்ளும், மீதி மைனாவுக்கு. தட்டை உள்ளே எடுத்த இரண்டாவது வாரம் கூட்டம் பாதியானது. மீந்த ரொட்டி, சோறு, மீலி மாவு (மக்காச்சோள மாவு) எதையும் கொல்லையில் வீசாதீர்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றிவிட்டு அண்டாவை வெளியே வைத்தால் அதற்கும் வரும்.

கட்டியில் என்ன கலக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மீலி மாவு, ரொட்டித் தூள், வேர்க்கடலை எல்லாம் போட்டுச் செய்தால் உதிரும். உதிர்ந்தால் தரையில் மேய்கிறவர்கள் எல்லாரும் வருவார்கள். நான் இப்போது வெறும் கொழுப்பு மட்டுமே வைக்கிறேன். பார்க்க அழகில்லை, ஆனால் உதிர்வதில்லை.

பிளாஸ்டிக் ஆந்தை, மின்னும் சி.டி. இவற்றைக் கேட்பவர்களுக்கு: மூன்று நாள் பலிக்கும். நாலாம் நாள் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும், என் வீட்டில் நிஜமாகவே முருங்கை மரத்தில். நம் காதுக்குக் கேட்காத ஒலியால் பறவையை விரட்டும் கருவி என்று ஒன்று விற்கிறார்கள். நமக்குக் கேட்காத அந்த உயர்ந்த ஒலி பறவைகளுக்கும் கேட்காது. காசு மிச்சம்.

பசை தடவுவது, கம்பத்தில் வாசலின் பூசுவது, விஷம் வைப்பது இந்தப் பேச்சே வேண்டாம். பசையும் எண்ணெயும் இறகில் ஒட்டினால் எந்தப் பறவையும் பறக்கவும் முடியாமல், குளிரையும் தாங்க முடியாமல் போகும். விஷம் மைனாவோடு நிற்காது. செத்த மைனாவைத் தின்னும் பருந்துக்கும், பக்கத்து வீட்டுப் பூனைக்கும், உங்கள் நாய்க்கும் போய்ச் சேரும்.

கூண்டின் மூடி திறந்து கிடக்கிறது, கட்டியை முழுதாகக் காணோம்

காகம். மைனா கொத்தித் தின்னும், காகம் தூக்கிக்கொண்டு போகும். கொக்கியைக் கழற்றும், சங்கிலியைக் காலால் மிதித்துக்கொண்டு மேலே இழுக்கும். யோசிக்கிற பிராணி.

எந்தக் காகம் என்று பாருங்கள். கழுத்தும் மார்பும் சாம்பல் நிறமாக, ஒல்லியாக இருந்தால் அது நம் ஊர்க் காக்கை. 1970களின் தொடக்கத்தில் கப்பல்களில் தொற்றிக்கொண்டு டர்பனுக்கு வந்தது. இங்கே அது ஆக்கிரமிப்பு அயல் இனம். கண்டால் மாநகராட்சிக்குச் சொல்லிவிடுவது நல்லது. மார்பு வெள்ளையாக, உடம்பு பெரிதாக இருந்தால் அது இந்த மண்ணின் காகம். அதைத் தொந்தரவு செய்யாமல் கூண்டை மட்டும் பலப்படுத்துங்கள்.

செய்ய வேண்டியது சுலபம். மூடியைச் சாதாரணக் கொக்கியால் மூடாமல், திருகு போட்டு அழுத்தும் கொக்கி அல்லது மலையேறுகிறவர்கள் கயிற்றில் மாட்டும் வளையம் போடுங்கள். சங்கிலிக்குப் பதில் விறைப்பான ஒரே கம்பி போட்டால் மேலே இழுக்க முடியாது. மேலே சொன்ன வெளிக்கூண்டு இருந்தால் காகப் பிரச்சினையும் அதோடு முடிந்தது.

ஆனால் எங்கள் வீட்டில் அது முடியவில்லை, ஏனென்றால் அம்மா. சனிக்கிழமையும் அமாவாசையும் மதில் மேல் காக்கைக்குச் சோறு வைப்பார். ஒரு பக்கம் நான் விரட்ட, மறுபக்கம் அவர் "கா, கா" என்று கூப்பிட. காகத்துக்கு இதைவிடக் குழப்பமான வீடு இருக்க முடியாது. தகராறு செய்து பார்த்தேன், தாத்தாவின் பெயர் நடுவே வந்தவுடன் வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் செய்துகொண்ட உடன்பாடு இதுதான்: சோறு வீட்டின் முன்பக்க மதிலில், ஒரு கைப்பிடி, தின்று முடிந்ததும் இலையை எடுத்துவிட வேண்டும். கொழுப்பு பின்பக்கத்தில். சோறு வைக்கும் நாள்களில் கூண்டை மத்தியானத்துக்கு மேல்தான் தொங்கவிடுவேன். இது நடக்கிறது. நூற்றுக்கு நூறு இல்லை.

கூண்டையே காணோம், அல்லது கிளை முறிந்து கிடக்கிறது

குரங்கு. இந்த ஊரில் வேறு யாரையும் சந்தேகப்பட வேண்டாம். முருங்கைக் கிளை பட்டென்று முறியும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் நான் அதில்தான் கட்டினேன். ஒரு குட்டிக் குரங்கு தாவியது, கிளையும் கூண்டும் பக்கத்து வீட்டு அக்காவின் துணிக்கொடிமேல் போய் விழுந்தன.

குரங்கைக் கருவியால் ஜெயிக்க முடியாது. கூட்டம் ஒரு வழியாக வந்து ஒரு வழியாகப் போகும். அந்த வழியில் உங்கள் வீட்டில் ஏதாவது கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் தினமும் வரும். அப்புறம் சமையலறைச் சன்னல்தான் அடுத்தது. பார்த்த அன்றே கூண்டை உள்ளே எடுத்து, இரண்டு மூன்று வாரம் எதையும் தொங்கவிடாதீர்கள். பழுத்த பப்பாளியையும் பறித்துவிடுங்கள். மறுபடி தொடங்கும்போது, நீங்கள் கொல்லையில் இருக்கிற நேரத்துக்கு மட்டும் வையுங்கள். காலையில் ஒரு மணி நேரம் போதும். மரத்தில் கட்டாமல், சுற்றிலும் தாவ எதுவும் இல்லாத இரும்புக் கம்பத்தில் மாட்டுங்கள். பயந்து கல் எறியாதீர்கள், பரிதாபப்பட்டு வாழைப்பழம் கொடுக்காதீர்கள். இரண்டாவதுதான் பெரிய தப்பு.

புறாக்கள் வந்து குந்திக்கொள்கின்றன

கூண்டுக்கு அடியில் தட்டு இருக்கும். எடுத்துவிடுங்கள். புறாவுக்குத் தொங்கத் தெரியாது.

ராத்திரியில் குறைகிறது

எலி. தரையில் உதிர்ந்ததைத் தேடி வந்து மேலே ஏறக் கற்றுக்கொண்டிருக்கும். சாயங்காலம் கூண்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டால் நின்றுவிடும். எப்படியும் பறவைகள் இருட்டில் வரப்போவதில்லை.

கட்டி மினுமினுக்கிறது, சொட்டுகிறது, நாற்றமடிக்கிறது

இங்கே குற்றவாளி பறவை இல்லை, நம் வெயில். சுத்தமான சூயட் உருக 45 முதல் 50 டிகிரி வரை வேண்டும். ஆனால் அதற்கு வெகு முன்பே இளகிவிடும், வெயில் நேராகப் படுகிற இரும்புக் கூண்டில் சூடும் அதிகம். இளகிய கொழுப்பு வயிற்று இறகில் ஒட்டினால் அந்த இறகு தண்ணீரைத் தள்ளாது, குளிரையும் தடுக்காது. நல்லது செய்யப்போய்க் கெடுதல் செய்த கதை.

கொழுப்பைப் பொடியாக நறுக்கி, மிகச் சின்னத் தீயில் உருக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஆறவிடுங்கள். கெட்டியானதும் மறுபடி ஒரு முறை உருக்கி வடிகட்டினால் இன்னும் இறுகும். அடுப்பைவிட்டு நகராதீர்கள், எண்ணெய் பற்றிக்கொள்ளும். கறி பொரித்த சட்டியில் மிஞ்சிய கொழுப்பை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் உப்பும் மசாலாவும் இருக்கும், இறுகவும் இறுகாது. வேண்டாம். உருக்கியதை அச்சில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்து, இரண்டு நாளுக்குத் தேவையான துண்டு மட்டும் வெளியே எடுங்கள். சின்னத் துண்டு வைப்பதால் மைனா வந்தாலும் நஷ்டம் சின்னதுதான்.

கூண்டை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சுடுதண்ணீரில் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு ஜிக்குக்கு (துணி வெளுக்கும் பிளீச்) ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அதில் ஊறவைத்து, நன்றாக அலசி, முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். பல பறவைகள் ஒரே இடத்தில் வாய் வைக்கும்போது நோயும் அங்கேதான் கை மாறும்.

மைனா ஒழிந்தது, ஆனால் வெள்ளைக்கண்ணியும் வரவில்லை

பொறுமை முதல் மருந்து. புதுக் கூண்டைக் கண்டுபிடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். வெள்ளைக்கண்ணிகள் கூட்டமாகச் சுற்றுகிறவை. ஒன்று கண்டுபிடித்தால் எல்லாம் வரும்.

இடத்தையும் பாருங்கள். வெட்டவெளியில் தொங்கினால் சின்னப் பறவை அஞ்சும். புதருக்குள்ளேயே தொங்கினால் பூனை பதுங்கும். புதரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி என்பது எனக்குச் சரியாக வந்தது. சன்னலுக்கு அருகில் என்றால் மிக அருகில் வையுங்கள். நடுத்தரத் தொலைவில் வைத்தால் வேகமாகப் பறந்து கண்ணாடியில் மோதும்.

நேற்று வரை இருந்த எல்லாப் பறவையும் திடீரென்று மறைந்துவிட்டால், அக்கம்பக்கத்து மரத்தில் வல்லூறு உட்கார்ந்திருக்கும். ஒன்றும் செய்ய வேண்டாம். இரண்டு நாள் கூண்டை எடுத்துவிடுங்கள், போய்விடும்.

பழுப்பு நிறத்தில் சிட்டுக்குருவி போல ஒரு கூட்டம் வந்து கொழுப்பைக் காலி செய்கிறது, இதையும் விரட்ட வேண்டுமா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். வேண்டாம் அக்கா, அவை தூக்கணாங்குருவிகள். குளிர்காலத்தில் மஞ்சள் உடையைக் கழற்றி வைத்திருக்கின்றன, அவ்வளவுதான். செம்பழுப்பு இறக்கையோடு பளபளவென்று கறுப்பாக வருகிற ஸ்டார்லிங்கும் இந்த மண்ணுக்குச் சொந்தமானது. கொஞ்சம் ரௌடி, ஆனால் வீட்டுக்காரன்.

செப்டம்பரில் மறுபடி எல்லாம் கெட்டுப்போகிறது

அது கூண்டை இறக்க வேண்டிய நேரம். வெயில் ஏறுகிறது, பூச்சி பெருகுகிறது, மைனாக்கள் ஜோடி சேர்ந்து கூரை இடுக்கில் கூடு கட்டத் தொடங்குகின்றன. நமக்கு வசதியாகப் புரட்டாசியும் அப்போதுதான் பிறக்கிறது. ஒரு மாதம் வீட்டில் கறி கிடையாது, ஆட்டுக் கொழுப்பை உருக்குகிறேன் என்று அடுப்படிப் பக்கம் போகவே முடியாது.

அதற்கு முன்பே, ஆடி முடிவதற்குள், ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவே இருக்கும் ஓட்டைகளை ஏறிப் பாருங்கள். உள்ளே முட்டையோ குஞ்சோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு கம்பி வலையால் அடைத்துவிடுங்கள். கூடு கட்ட இடமில்லாத கொல்லையில் மைனா அடுத்த வருடம் அவ்வளவு உரிமையோடு வந்து உட்காராது. எங்கள் வீட்டில் இரண்டு ஓட்டைகளை அடைத்தேன். மூன்றாவது சாமி அறைக்கு நேர் மேலே இருக்கிறது, ஏணி எட்டவில்லை, இந்த வருடமும் அங்கே ஒரு ஜோடி இருக்கிறது.